ஈநாட்டி: டிரைவர் ஏன் தட்டச்சுப்பொறியைப் பற்றிப் பேசுகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு டிரைவருக்கு, அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் நிரலுக்கு, தனக்குத் தெரியாத ஐஆக்டில் கட்டளை (மற்ற நிரல்கள் சாதனத்தைக் கட்டுப்படுத்த அனுப்புவது) வந்தால் அது திருப்பித் தர வேண்டிய பிழைக்குறிக்குப் பெயர் ஈநாட்டி. எண் 25. மொரீஷியஸ்காரர்களுக்கு நம் இருபத்தைந்து ரூபாய் நோட்டை நினைத்தால் மறக்காது.

பெயரின் ஆங்கில எழுத்துகளை (ENOTTY) பிரித்தால் ‘ஈ’ என்பது எரர், ‘என்ஓ’ என்பது நாட், அதாவது இல்லை, மிச்சமிருக்கும் டிடிஒய் என்பது டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். எழுபதுகளில் பெல் ஆய்வகத்தில் லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் எழுதியவர்கள் தட்டியது இந்த இயந்திரத்தில்தான், பதிலும் தாளில்தான் அச்சாகி வரும். அதன் வேகம் முதலியவற்றை மாற்றத் தனி அழைப்புகள் இருந்தன, அவற்றைச் சாதாரணக் கோப்பின் மேல் ஏவினால் ‘இது தட்டச்சுப்பொறி இல்லையே’ என்று பதில் வரும். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக ஐஆக்டில் வந்துவிட்டது, ஆனாலும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் மூல நிரலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்றும் தட்டச்சுப்பொறிக் குறிப்புதான் இருக்கிறது.

திரையில் வரும் செய்தி மட்டும் மாறிவிட்டது. கணினியைப் பிரெஞ்சில் வைத்திருப்பவர்கள் ‘இனாப்ரோப்ரியே’ (பொருந்தாத) என்று தொடரும் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான்.

இந்தச் செய்தியை மொழிபெயர்க்கும்போது தமிழில் ‘தட்டச்சுப்பொறி அல்ல’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ‘தவறான கட்டளை’யும் சரியில்லை, ஏனென்றால் கட்டளையில் தவறு இல்லை, வாசல்தான் மாறி வந்திருக்கிறது. ‘சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை’ என்பதே என் தேர்வு.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்வது ஈஇன்வால், எண் 22. அதை ‘செல்லாத மதிப்பு’ எனலாம்: கட்டளை எனக்குத் தெரியும், நீ அதோடு கொடுத்த மதிப்புதான் சரியில்லை என்று டிரைவர் சொல்கிறது. புதிய கட்டளையை முதலில் அனுப்பிப் பார்க்கும் நிரல், 25 வந்தால் சரி, இந்த டிரைவருக்கு இது தெரியாது என்று பழைய வழிக்குப் போய்விடும், அதற்குப் பதில் 22 வந்தால் தன் மதிப்பில்தான் பிழை என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருக்கும். ஈநோசிஸ், அதாவது 38, இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம், அது நிரல் கேட்ட சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்திடம் அது விடுக்கும் அழைப்பு, கருநிரலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே) இல்லாதபோது மட்டும்.

அப்புறம் 515 என்று ஒன்று, ஈநோஐஆக்டில்சிஎம்டி. இது கருநிரலுக்குள்ளேயே புழங்கும் குறி, பயனர் நிரலின் கண்ணில் படக்கூடாது, வெளியே போகுமுன் கருநிரல் அதை 25 ஆக மாற்றிவிடும். வேடிக்கை என்னவென்றால் 2012 வரை கருநிரலே அதை 22 ஆகத்தான் மாற்றிக்கொண்டிருந்தது.