தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடு

அந்த அக்கா பழைய பிஸ்கட் டின் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். உள்ளே ரப்பர் பேண்டு போட்ட காகிதக் கட்டு. அப்பாவின் மரணச் சான்றிதழ், மடிப்பில் கிழிந்துபோன வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), வருடம் தவறாமல் கட்டிய நில வரி ரசீதுகள். பினாங்கின் பிறை ஊரில் உள்ள வீடு. “வரியெல்லாம் நாங்கதான் மேடம் கட்டுறோம். எங்க பேருக்கு மாத்திக் கொடுத்துடுங்க” என்றார். பிள்ளைகள் இன்னமும் அதைத் ‘தாத்தா வீடு’ என்றுதான் சொல்கிறார்களாம்.

ஜார்ஜ்டவுன் உயர்நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தூரத்தில் என் வழக்கறிஞர் அலுவலகம். இந்த மாதிரி டின்கள் என்னிடம் நிறைய வருகின்றன. (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

அப்பா இறந்தது 1999இல். உயில் கிடையாது. உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை மலேசியாவின் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டம்தான் பிரிக்கிறது. பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அம்மாவும் நான்கு பிள்ளைகளும் அப்போதே மனு கொடுத்திருந்தால் ஒரே விசாரணையில் முடிந்திருக்கும். “அம்மா இருக்கும்போது பங்கு பேசுறது நல்லா இருக்காது” என்று விட்டுவிட்டார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் 2011இல் தம்பி ஒருவர் இறந்தார். அவருக்குரிய ஆறில் ஒரு பங்கு அவருடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று உடைந்தது. பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் நான்கில் ஒரு பங்கு உண்டு; இது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 2018இல் அம்மாவும் போனார். இப்போது ஒரு வீட்டுக்காக மூன்று பேருடைய சொத்தை முறைப்படுத்த வேண்டும். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி மனைவியின் ஒத்துழைப்பும் வேண்டும். வரி கட்டிய ரசீது யாருடைய பங்கையும் கூட்டாது. செலவுக் கணக்காக அதைப் பேசலாம், அவ்வளவுதான்.

எங்கே போவது என்ற குழப்பம்தான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. உயில் இல்லை, வீடோ நிலமோ இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அது ‘பூசாக்கா கெச்சில்’, அதாவது சிறு சொத்து. 2024 ஜூலை 15க்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாகத்தான் இருந்தது. இதற்கென்றே உள்ள பூசாக்கா பிரிவில் மனு கொடுத்தால், வாரிசுகளை விசாரணைக்கு அழைத்துப் பகிர்வு ஆணை போடுவார்கள். குடும்பத்தில் சண்டை இல்லை, எல்லாரும் கையெழுத்துப் போடத் தயார் என்றால் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போகலாம். என்னிடம் வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன். வீடு நிலம் இல்லை, வங்கிப் பணம் மாதிரியானவை மட்டும், அதுவும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குள் என்றால் அரசு அறங்காவல் நிறுவனமான அமானா ராயா போதும். உயில் இருந்தால் உயர்நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்றும் அதிகாரம், எடுக்க வேண்டும். உயில் இல்லாத பெரிய சொத்து என்றால் அங்கேயே நிர்வாக அதிகாரப் பத்திரம், வங்கியில் ‘எல்.ஏ.’ என்று கேட்பது இதைத்தான். அதற்குப் பொதுவாக இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவை. நீதிமன்றத்திடம் விலக்கு கேட்கவும் வழி உண்டு. வாரிசு வயது குறைந்த பிள்ளை என்றால் தனி ஆள் ஒருவர் நிர்வாகியாக முடியாது, இருவர் வேண்டும்.

என்னைத் தூங்கவிடாத வழக்குகள் வேறு வகை. கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டு, பதினைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண் மரணச் சான்றிதழோடு வருகிறார். திருமணப் பதிவு எங்கே என்று கேட்டால், “கோயில்ல ரசீது கொடுத்தாங்களே” என்கிறார். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த திருமணம் சட்டப்படி பதிவாகவில்லை என்றால் பகிர்வுச் சட்டத்தின் கண்ணில் அவர் மனைவி இல்லை. பிள்ளைகளுக்கும் அப்பாவின் சொத்தில் வாரிசாகப் பங்கு கேட்க முடியாமல் போகிறது. முறைப்படி நீதிமன்றம் வழியாகத் தத்தெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கும் இதே கதிதான். இறந்தவர் தன் ஊழியர் சேமநிதியில் இவர்கள் பெயரை எழுதி வைத்திருந்தால் அந்தப் பணமாவது வரும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு மாற்றாமலே போனவர்களும் உண்டு. பதிவில்லாமல் வாழ்கிறீர்கள் என்றால், இதைப் படித்ததும் முதலில் பதிவு செய்யுங்கள். அப்புறம் உயில் எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் திருமணம் பழைய உயிலை ரத்தாக்கிவிடும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது.

வீட்டில் ஒருவர் இறந்ததும் அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதீர்கள், காரியச் செலவுக்கென்றாலும்கூட. அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவானது; பின்னால் கணக்குக் கேட்பார்கள். அசல் கிராண்டை ஏஜென்ட் என்று வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். லாயரிடம் போனால் கட்டணம் எவ்வளவு, நீதிமன்றச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். வசதி குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையான ஜாபாத்தான் பந்துவான் குவாமானில் கேட்டுப் பார்க்கலாம், வருமான வரம்பு பார்ப்பார்கள்.

அக்காவிடம் தம்பி மனைவியின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. “நான் கடிதம் போடலாம், ஆனா நீங்க முதல்ல பேசினா நல்லது” என்றேன். கொஞ்ச நேரம் டின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் அறையிலிருந்தே ஜொகூருக்குப் போன் போட்டார். விசாரணை நாளன்று தம்பி மனைவி இரண்டு பிள்ளைகளோடும் இரவு பஸ் ஏறி வந்திருந்தார்.