பழைய பாய்மரப் படகு வாங்குமுன் குனிந்து பாருங்கள்

ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் சிலருக்கு இப்போது பாய்மரப் படகு ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். கேல்வெஸ்டன் விரிகுடா பக்கத்திலேயே இருக்கிறது. 22 அடிப் பழைய படகு சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கிறது. டிரெய்லரிலேயே வைத்துக்கொண்டால் படகுத் துறை (மெரினா) வாடகையும் மிச்சம். (வீட்டு வாசலில் நிறுத்த உங்கள் குடியிருப்புச் சங்கம் விடுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் விடமாட்டார்கள்.)

படகுகளைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். “படகே 3,000 டாலர், அதற்குப் போய் சர்வேயா?” என்று கேட்டுவிட்டு வாங்கியவர்கள்தான் பிறகு அதிகம் வருகிறார்கள். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். ஏணி வைத்து ஏறுவார்கள், கேபினுக்குள் போவார்கள், மெத்தையைத் தொட்டுப் பார்ப்பார்கள், பாயை விரிக்கச் சொல்வார்கள், இறங்கி வந்து விலை பேசுவார்கள். படகின் அடியில் குனிந்து பார்ப்பவர் அபூர்வம். இந்த வகைப் படகில் உயிருக்கு ஆபத்தான பழுதும், பணத்தை விழுங்கும் பழுதும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன: கீலிலும் (படகு கவிழாமல் இருக்க அடியில் நீண்டிருக்கும் கனமான பாகம்) டிரெய்லரிலும்.

இங்கே அதிகம் விற்பனைக்கு வருவது கேட்டலினா 22. பிராங்க் பட்லர் வடிவமைத்தது. 1969-ல் தொடங்கி 15,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். அதனால் பெரும்பாலான உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கும். அகலம் 7 அடி 8 அங்குலம். சாலையில் சிறப்பு அனுமதி இல்லாமல் இழுக்கக்கூடிய எட்டரை அடிக்குள் வசதியாக அடங்கிவிடும். கேல்வெஸ்டன் விரிகுடாவின் சராசரி ஆழமே ஏழடி அளவுதான். நடுநடுவே சிப்பித் திட்டுகள் வேறு. கீலை மேலே தூக்கிக்கொண்டால் இந்தப் படகு இரண்டடித் தண்ணீரில் மிதக்கும், இறக்கினால் ஐந்தடி. இந்தக் கடற்கரைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும் என்பது என் அனுபவம்.

ஆனால் அந்தத் தூக்கும் கீல் சுமார் 550 பவுண்டு வார்ப்பிரும்பு. முன்முனையில் ஓர் அங்குலப் பருமன் உள்ள ஒரே ஒரு அச்சுக் கம்பியில் தொங்குகிறது. அந்த அச்சுக் கம்பியை இரண்டு பக்கமும் ஒரு சிறிய உலோகத் தாங்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தாங்கிக்கும் இரண்டு போல்ட். கீலின் பின்முனையை ஒரு ஸ்டீல் கேபிள், அதைச் சுற்றி இழுக்கும் வின்ச்சோடு இணைக்கிறது. அவ்வளவுதான். அலையில் படகு ஆடும்போதெல்லாம் கீல் பக்கவாட்டில் இடித்துக்கொண்டே இருக்கும். வருடங்கள் போகப் போக அச்சுக் கம்பி தேயும், இரும்பில் உள்ள வட்டத் துளை நீள்வட்டமாகும், போல்ட்டுகள் தளரும். கேபிள் அறுந்தால் கீல் ஒரே வீச்சில் கீழே விழுந்து, அது உட்காரும் அறையின் ஃபைபர்கிளாஸையே உடைத்துவிடலாம். அங்கே விரிசல் விட்டால் தண்ணீர் நேரே படகுக்குள்தான்.

டார்ச்சோடு டிரெய்லருக்குப் பக்கத்தில் குனிந்து அடியில் பாருங்கள். கீலின் பின்முனையை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இன்னொருவர் அச்சுக் கம்பி இருக்கும் இடத்தைப் பார்க்கட்டும். கொஞ்சம் அசைவது இயல்பு. அச்சுக் கம்பியே தாங்கிக்குள் மேலும் கீழும் குதித்தாலோ, தாங்கியின் ஓரத்தில் துருக்கறை வழிந்திருந்தாலோ விலையில் கை வைக்க வேண்டிய விஷயம். கேபிளின் கீழ்முனைதான் முதலில் அரிக்கும். அங்கே ஒரு இழை அறுந்திருந்தாலும் மொத்தக் கேபிளையும் மாற்ற வேண்டும். செலவு அதிகமில்லை, தள்ளிப்போடத்தான் கூடாது. கீலை முழுசாக இறக்கிப் பார்க்கப் படகைப் பழுதுபார்க்கும் யார்டில் பட்டைகளில் (ஸ்லிங்) தூக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியைக் கொடுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தொங்குகிற கீலுக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

போன கோடையில் ஒரு தம்பதி, “அண்ணா, பாய் புதுசு மாதிரியே இருக்கு, வாங்கிடலாமா?” என்று கேட்டார்கள். பாய் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அடியில் பார்த்தால் வார்ப்பிரும்பு துருவேறி, அடுக்கடுக்காக உப்பி, கீல் அதன் அறைக்குள் இறுகிப்போயிருந்தது. வின்ச்சைத் தளர்த்தினால் கேபிள் தொய்கிறது, கீல் இறங்கவில்லை. பல வருடம் உப்புத் தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருந்த படகு அது. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: லேக் டிராவிஸ், டெக்சோமா மாதிரி நன்னீர் ஏரிகளில் ஓடிய படகு கிடைத்தால், சில மணி நேரம் அதிகமாகக் கார் ஓட்டினாலும் போய்ப் பாருங்கள். தூக்கும் கீலின் பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு காம்-பேக் 19 இருக்கிறது. நிலையான கீல், இரண்டடி ஆழம், அசையும் பாகம் கிடையாது. காற்றை எதிர்த்து அவ்வளவு கூர்மையாகப் போகாது. ஓய்வாகச் சுற்றும் குடும்பத்துக்கு அது பெரிய குறையில்லை.

அடுத்தது டிரெய்லர். படகோடு இலவசமாக வருகிற சாமான் என்றே இதைப் பலர் நினைக்கிறார்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலில் உங்கள் பின்னால் வரப்போவது அதுதான். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். தரையைத் தொடும் பட்டன் புதிதாகவே தெரியும், ஏனென்றால் ஓடவே இல்லை. வெயிலில் நின்றே ரப்பர் செத்திருக்கும். அப்படிப்பட்ட டயரில் படகை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) உடனே ராம்பில் (படகை இறக்கும் சரிவுப் பாதை) தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். பேரிங்குகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். இறக்குமுன் பாய்மரத்தை நிறுத்துகிற நேரம்வரை ஆறவிட்டால் போதும். டிரெய்லரின் சட்டகம் சதுரக் குழாயாக இருந்தால் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வர வேண்டும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் உள்ளே துரு தின்றிருக்கிறது.

எடையையும் நம்பி ஏமாறாதீர்கள். கேட்டலினா 22-இன் விவரத் தாளில் 2,250 பவுண்டு அளவில்தான் போட்டிருக்கும். டிரெய்லர், மோட்டார், பெட்ரோல், நங்கூரம், சாமான் எல்லாம் சேர்ந்தால் 3,500-ஐத் தொட்டுவிடும். நம் வீடுகளில் நிற்கும் சியென்னா வேனோ ஒடிசி வேனோ இழுக்கும் உச்ச வரம்பே 3,500 தான். அதிலும் உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்தால் கணக்கு இடிக்கும். சி.ஆர்.வி. கார் என்றால் 1,500 பவுண்டு, பேச்சுக்கே இடமில்லை. டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம் எனும் எடை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சட்டம் எதுவானாலும் இந்த எடைக்கு பிரேக் இல்லாமல் நான் இழுக்க மாட்டேன்.

மேலே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகள் மீது பழைய பருத்தித் துணியை ஓட்டுங்கள், சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. மேல்தளத்தில் (டெக்) வெறுங்காலோடு நடங்கள். அமுங்கினால் உள்ளே மரம் ஊறிவிட்டது. பாயும் மெத்தையும் கடைசி.

புயலில் அடிபட்ட படகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008-ல் ஐக், 2017-ல் ஹார்வி, 2024-ல் பெரில் என்று இந்தக் கரையை அடித்த ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இன்ஷூரன்ஸ் கைவிட்ட படகுகள் புது பெயின்ட்டோடு சந்தைக்கு வருகின்றன. லாக்கர்களின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். வண்டல் ஒட்டினாலோ, உள்சுவரில் நேர்க்கோடாக நீர்க்கறை தெரிந்தாலோ கேள்வி கேளுங்கள்.

டெக்சாஸில் காகிதம் மூன்று: படகுக்கு ஒரு டைட்டில் (உரிமைப் பத்திரம்), வெளி மோட்டாருக்குத் தனி டைட்டில், இரண்டும் டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் ஒயில்ட்லைஃப் துறையில், டிரெய்லருக்குக் கவுன்டி வரி அலுவலகம். படகின் பின்பக்கத்தில் பதித்திருக்கும் 12 எழுத்து அடையாள எண் காகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு மலிவு என்றாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியாயிற்று என்றால் முதல் நாள் ராம்பில் காரை நிறுத்தியதும் தலையைத் தூக்கி மின்கம்பிகளைப் பாருங்கள். பாய்மரம் அலுமினியம், ஏறக்குறைய 25 அடி நீளம். டிரெய்லரின் மேல் நிறுத்தினால் முனை தரையிலிருந்து 30 அடிக்கு மேல் போய்விடும். அது கம்பியைத் தொட்டால் அதைப் பிடித்திருப்பவர் பிழைப்பது கடினம். பாய்மரத்தை நிறுத்துகிற இடத்தையும், அங்கிருந்து தண்ணீர்வரை டிரெய்லர் போகிற பாதையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திரும்பும்போது பாய்மரத்தைச் சாய்த்துக் கட்டிய பிறகே வண்டியை அந்த இடத்தைவிட்டு நகர்த்துங்கள்.