ஒரே ஓர் ஆள் மாறினால் கலவரம் ஏன் அடங்குகிறது?

சதுக்கத்தில் 100 பேர். முதல் ஆளுக்கு யார் துணையும் வேண்டாம், தானே கல்லை எடுத்துவிடுவார். அடுத்தவர், ஒருவர் எறிந்தால் எறிவார். மூன்றாமவருக்கு இருவர் எறிந்திருக்க வேண்டும். இப்படியே கடைசி ஆளுக்கு 99. நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது இரண்டாமவரை மட்டும் எடுத்துவிட்டு, இருவர் எறிந்தால்தான் எறிவேன் என்கிற ஒருவரை அங்கே நிறுத்துங்கள். கல் எறிபவர் ஒருவரே. 99 பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-ல் முன்வைத்த 'வாசல்' கோட்பாட்டின் மையம் இதுதான். எத்தனை பேர் இறங்கிய பிறகு ஒருவர் இறங்குவார் என்ற எண்ணே அவருடைய வாசல். அது வீரத்தின் அளவல்ல. இறங்குவதில் உள்ள ஆபத்தைவிட ஆதாயம் பெரிதாகத் தெரியத் தொடங்கும் இடம்.

கணக்கு எளிது. பத்துப் பேரின் வாசல்கள் 0, 1, 1, 3, 3, 5, 5, 8, 8, 8 என்று வையுங்கள். இறங்கியோர் எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ வாசல் உள்ளவர்களை ஒவ்வொரு சுற்றிலும் எண்ணுங்கள்: 1, 3, 5, 7, மீண்டும் 7. அங்கே நின்றுவிடும். ஓர் 8-ஐ 7 ஆக்கினால் பத்துப் பேரும் உள்ளே. சராசரி அசைந்ததோ 0.1 மட்டும்!

பெரிய கூட்டத்திலும் இதே கதைதான். 100 பேரின் வாசல்கள் சராசரி 25-ஐச் சுற்றி மணி வடிவில் பரவியிருந்தால், திட்ட விலக்கம் (வாசல்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 12.2-ஐ நெருங்கும்வரை ஐந்தாறு பேரோடு அடங்கிவிடும்; அதைத் தாண்டியதும் ஏறக்குறைய எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

ஆனால் எல்லோரும் எல்லோரையும் பார்க்கிறார்கள் என்பது இந்தக் கணக்கின் பலவீனமான அனுமானம். நான்கு பேரை மட்டுமே பார்க்க முடிந்தவருக்கு வாசல் 5 என்றால் அவர் அசையவே மாட்டார். சமூகவியலாளர் டங்கன் வாட்ஸ் 2002-ல் வாசலைத் தலைக்கணக்காக வைக்காமல், தன்னோடு தொடர்புள்ளவர்களில் எத்தனை பங்கு என்று மாற்றிக் கணக்கிட்டார். தொடர்புகள் மிகக் குறைந்தால் அலை துண்டுபட்டுப் போகும், அது எதிர்பார்த்ததே. மிக அதிகமானாலும் அலை எழாது என்பதுதான் வியப்பு: நூறு தொடர்புகள் உள்ளவருக்கு ஒருவரின் செயல் நூற்றில் ஒரு பங்குதானே.

வாசலை அளப்பதுதான் பெரிய தலைவலி. அறுபது பேர் இறங்கிய பிறகு ஒருவர் சேர்ந்தால் அவர் வாசல் 60 என்று எழுதிவிடுகிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. வாசல் 40 ஆகவே இருந்திருக்கலாம். முன்னால் நடந்தது அவர் கண்ணில் படாமல் போயிருக்கலாம். சேராமலே வீடு திரும்பியவரின் வாசலுக்கோ அந்த உச்சவரம்புகூடக் கிடையாது.