ஒன்பதாம் வகுப்பில் ஹானர்ஸா, ரெகுலரா: டிக் அடிப்பதற்கு முன்

பொங்கல் முடிந்த கையோடு அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஹைஸ்கூலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஒவ்வொன்றையும் ரெகுலராக, அதாவது வழக்கமான நிலையில் படிப்பதா, ஹானர்ஸாக, அதாவது இன்னும் கடினமான நிலையில் படிப்பதா என்று அதில் குறிக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் நான்கிலும் ஹானர்ஸ் என்று டிக் விழுவது சகஜம். நம் ஊர்ப் பதினொன்றாம் வகுப்பு குரூப் மனதில் நிற்பதால் வரும் வினை இது. அங்கே ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காவிட்டால் வழி அடைபடும் என்று பயந்தே வளர்ந்தோம். இங்கே குரூப் என்று ஒன்றே கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி முடிவு. கணிதத்தில் ஹானர்ஸும் வரலாற்றில் ரெகுலரும் படிக்கும் பிள்ளையை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

ஹானர்ஸையும் ஏபியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம் (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்); அதற்கு காலேஜ் போர்டு என்ற அமைப்பின் பாடத்திட்டம் உண்டு. மே மாதம் பொதுத் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். ஹானர்ஸுக்கு நாடு முழுமைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. பள்ளியோ, அந்தப் பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் டிஸ்ட்ரிக்டோ வைத்ததுதான் சட்டம். பக்கத்து ஊர்ப் பிள்ளையின் அனுபவத்தை வைத்து முடிவெடுப்பது அதனால்தான் வீண். உங்கள் பள்ளியின் இரண்டு சிலபஸையும், முடிந்தால் போன வருட அசைன்மென்ட் ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு எடை பார்க்கும் பயாலஜி பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ரெகுலரில் பெரும்பாலும் செய்முறை அச்சடித்து வரும். அட்டவணையை நிரப்பி, எடை ஏன் குறைந்தது என்று நான்கு வரி எழுதினால் போதும். நன்றாக நடக்கும் ஹானர்ஸ் வகுப்பில், எந்தெந்தச் செறிவில் கரைசல் செய்வது, எதை மாற்றாமல் வைப்பது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்ய வேண்டும். வரைபடம் போட்டு, எடை கூடாமலும் குறையாமலும் நிற்கும் புள்ளி எது, அது கிழங்கைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் விளக்க வேண்டும். பாடம் அதேதான், கேட்கப்படும் வேலை வேறு. ஒரே வேலையைக் கூடுதல் பக்கங்களுக்குச் செய்ய வைப்பதை மட்டும் ஹானர்ஸ் என்று அழைக்கும் வகுப்புகளும் இருக்கின்றன. அசைன்மென்டைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

அடுத்து ஜிபிஏ, அதாவது ஏ-க்கு 4, பி-க்கு 3 என்று போடும் சராசரிப் புள்ளி. பல பள்ளிகளில் ஹானர்ஸுக்கு 0.5 கூடுதல், சிலவற்றில் 1. 0.5 தரும் பள்ளியில் ஹானர்ஸில் பி வாங்கினால் 3.5, ரெகுலரில் ஏ வாங்கினால் 4.0. அதாவது பி-க்கு இறங்கும் ஹானர்ஸ், கூடுதல் புள்ளி சேர்த்த வெயிட்டட் கணக்கிலும் நஷ்டம்தான். 1 தரும் பள்ளியில் இரண்டும் சமம். இந்த ஒரு எண்ணைக் கேட்காமலேயே பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகங்களான யூசி வளாகங்களை மனதில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரையிலான மதிப்பெண்களைத்தான் யூசி தன் ஜிபிஏவில் சேர்க்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ஹானர்ஸுக்கு அங்கே கூடுதல் புள்ளி கிடையாது. வெளிமாநில மாணவர்களுக்கு ஏபி, ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடங்களுக்குப் புள்ளி உண்டு. பள்ளி வைக்கும் ஹானர்ஸுக்கு எந்த வகுப்பிலும் இல்லை. டெக்சஸில் நிலைமை நேர்மாறு. வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்பது 1997 முதல் சட்டம்; ஆஸ்டின் வளாகத்தில் மட்டும் வரம்பு அதைவிடக் குறுகல். அங்கே ரேங்க் முக்கியம் என்பதால், ஒன்பதாம் வகுப்பு ரேங்கில் சேருமா, ஹானர்ஸுக்கு எவ்வளவு வெயிட் என்று டிஸ்ட்ரிக்டிடம் கட்டாயம் கேளுங்கள்.

கணிதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை ஒன்பதில் ஜியாமெட்ரி, பிறகு அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் என்று போவது வழக்கம். இந்த வரிசையும் ஹானர்ஸும் வேறு வேறு. ரெகுலர் ஜியாமெட்ரி படித்தவரும் கால்குலஸுக்குப் போகலாம். இந்தியாவிலிருந்து சிபிஎஸ்இ எட்டாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. கணக்கில் வேகமாக இருப்பதைப் பார்த்து நேரே ஜியாமெட்ரி ஹானர்ஸில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் இருபடிச் சமன்பாடு சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. இங்கே அது அல்ஜீப்ரா 1-இன் பகுதி. முதல் சில மாதம் இந்தக் குறை வெளியே தெரியாது. இருபடிச் சமன்பாடு தேவைப்படும் கணக்குகள் வந்ததும் பிள்ளை திணறும். எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் டெஸ்ட் கேளுங்கள். அல்லது கோடை விடுமுறையில் அந்த அத்தியாயங்களை முடித்துவிட்டு உட்கார வையுங்கள்.

ஆங்கில ஹானர்ஸை மட்டும் ஜிபிஏவுக்காக எடுக்காதீர்கள். ஓர் இரவில் முப்பது பக்கம் தானாக வாசிக்க முடிகிறதா, வகுப்பிலேயே நாற்பது நிமிடத்தில் யார் உதவியும் இல்லாமல் ஒரு கட்டுரை எழுத முடிகிறதா? எட்டாம் வகுப்பு மார்க்கைவிட இவை இரண்டும் சரியாகச் சொல்லும்.

நேரத்தையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற பழைய வீட்டுப்பாடக் கணக்குப்படி ஒன்பதாம் வகுப்புக்கு 90 நிமிடம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. அரங்கேற்றத்துக்குத் தயாராகும் வருடம், நீச்சல் பயிற்சி, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினால் நான்கு ஹானர்ஸ் சில வீடுகளில் இடிக்கும். சந்தேகமாக இருந்தால் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றிரண்டு பாடங்களில் மட்டும் எடுப்பதே எங்கள் பரிந்துரை.

ஆசிரியர் பரிந்துரைக்கவில்லை என்றாலும், பெற்றோர் கையெழுத்திட்டு ஹானர்ஸில் சேர்க்கும் வெயிவர் படிவம் பல பள்ளிகளில் உண்டு. கையெழுத்துப் போடுமுன், செமஸ்டர் முடியும்வரை விலக முடியாது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 504 திட்டம் (உடல்நலக் குறையோ மாற்றுத்திறனோ உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி தரும் சலுகைத் திட்டம்) இருக்கும் பிள்ளைக்கு, ஹானர்ஸ் எடுத்தால் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் கிடையாது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

பள்ளி திறந்தபின் ஹானர்ஸிலிருந்து ரெகுலருக்கு இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம், ஆனால் கெடுவுக்குள். கெடு தாண்டினால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவேட்டில், பாடத்திலிருந்து விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழலாம். வாங்கிய குறைந்த மார்க் கூடவே வருமா என்பதையும் கவுன்சிலரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஐந்தாறு வாரத்தில் ஆன்லைன் கிரேட்புக்கைத் திறந்து வீட்டுப்பாடத்தையும் டெஸ்டையும் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டுப்பாடம் 95, டெஸ்ட் 68 என்றால் டியூஷனோ நண்பனோ தாங்கிப் பிடிக்கிறார்கள், பாடம் ஏறவில்லை. இறங்குவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது. டெஸ்ட் 90, வீட்டுப்பாடத்தில் வரிசையாகப் பூஜ்ஜியம் என்றால் சிக்கல் நேர ஒழுங்கில் இருக்கிறது. ரெகுலருக்கு மாற்றினாலும் அந்தப் பூஜ்ஜியங்கள் தொடரும்.