ஒயரைப் பார்க்காமல் பழைய சிபி ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்

வண்டிகளில் மின்வேலை செய்வது என் தொழில். சிபி ரேடியோ என்றால், சாதாரண மக்கள் வண்டியிலிருந்தே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் குறுந்தூர ரேடியோ. பழைய சிபி ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இது வேலை செய்யுமா?” நான் முதலில் ரேடியோவைப் பார்ப்பதில்லை. அதன் முதுகில் தொங்கும் சிவப்பு ஒயரைப் பார்ப்பேன். அதில் ஒரு சின்ன ஃபியூஸ் டப்பா இருக்கும். அதைத் திருகித் திறந்தால் அந்தச் செட்டின் பழைய வாழ்க்கை பாதி தெரிந்துவிடும்.

ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த செட்டில் அந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே எரிந்துபோன கண்ணாடி ஃபியூஸ். அதைச் சுற்றி அலுமினியத் தாள் இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருந்தது. மல்டிமீட்டரை எடுத்து, எதிலும் இணைக்காமல் கிடந்த சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு நடுவே வைத்தேன். கிட்டத்தட்ட 0 ஓம். நேரடி ஷார்ட். வரும் வழியில் அவர் அதைக் கார் பேட்டரியில் மாட்டிப் பார்க்காமல் இருந்தது அவருடைய நல்ல நேரம். கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தாள் எரியாது, ஒயர் எரியும். அந்த ஒயர் போவது தரைவிரிப்புக்கு அடியில்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான சிபி செட்களில் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு பாதுகாப்பு டையோடு, அதாவது கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம், இருக்கும். சரியாக மாட்டினால் அது சும்மா இருக்கும். யாராவது பாசிட்டிவ், நெகட்டிவ்வை மாற்றி மாட்டினால் அது தன் வழியாகக் கரண்டை விட்டு ஃபியூஸை எரித்து, செட்டைக் காப்பாற்றும். ஆனால் பல நேரம் அந்த டையோடும் சேர்ந்தே ஷார்ட் ஆகிப்போகும். அதன் பிறகு சரியாக மாட்டினாலும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். பொறுமையிழந்தவர் பெரிய ஃபியூஸ் போடுவார், இல்லையென்றால் தாளைச் சுற்றுவார். அதோடு, “நல்லாதான் ஓடிச்சு” என்று சொல்லி விற்றும் விடுவார். நான் சொன்ன செட்டில் டையோடை மாற்றி, செட்டின் முதுகில் எழுதியிருந்த அளவுக்கே ஃபியூஸ் போட்டேன். அன்றே பேசியது. செத்த செட் என்று தூக்கி எறிகிற பலவற்றின் கதை இதுதான்.

அதனால் கரண்ட் கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். ஃபியூஸைத் திறந்து பாருங்கள். இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். டேப் சுற்றிய இடம் எதுவாக இருந்தாலும் அந்த டேப்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

வண்டியில் இணைக்கும்போது பேட்டரியிலிருந்து நேரே தனி ஒயர் இழுங்கள். ரேடியோ பக்கம் ஒரு ஃபியூஸ் இருந்தாலும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இன்னொரு ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் காப்பது ஒயரைத்தான். அது ரேடியோ பக்கம் மட்டும் இருந்தால், நடுவே ஒயர் நசுங்கித் தகரத்தில் உரசும்போது தடுக்க ஆளில்லை. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகரத்தில் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். புதிய கார்கள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கும். அப்படி இருந்தால் கறுப்பு ஒயரை அந்த முனையில் மாட்டாமல், பக்கத்தில் உள்ள பாடி எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரியின் நிலையை வண்டி தப்பாகக் கணக்கிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட் சோதனைக்குப் போதும். நிரந்தரமாக வேண்டாம்: தொடர்பு தளரும், இரைச்சலும் கூடும். லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் செட்டை மாட்ட நடுவே கன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது.

இனி ஆன்டெனா. செட் ஒளிர்ந்ததும் எல்லோருக்கும் கை போவது மைக் பொத்தானுக்குத்தான். ஆன்டெனா மாட்டாமல் அதை அழுத்தாதீர்கள். வெளியே போக வேண்டிய சக்திக்கு வழியில்லாமல் திரும்பிவந்து கடைசிப் பவர் டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். பழைய செட்டின் டிரான்சிஸ்டர் ஏற்கெனவே பல ஆண்டு உழைத்தது. கேட்பதற்கு ஆன்டெனா இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. பேசுவதுதான் ஆபத்து.

சிபி அலைவரிசை 27 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு ஆன்டெனா என்றால் ஏறக்குறைய 2.75 மீட்டர். காரில் அவ்வளவு உயரம் வைக்க முடியாததால்தான் குட்டை ஆன்டெனாக்களில் கம்பிச்சுருள் வைக்கிறார்கள். பலர் மறப்பது இதை: அந்தக் கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி உங்கள் வண்டியின் தகரம். அதனால் கூரையின் நடுவே வைப்பதுதான் சிறப்பு. ஓரத்தில் வைத்தால், தகரம் அதிகமாக இருக்கும் திசையில் நன்றாகவும் மற்றத் திசையில் மந்தமாகவும் கேட்கும். ஃபைபர் பாடி வண்டிக்குத் தகரத்தை நம்பாத வகை ஆன்டெனாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் இல்லாமல் இந்த வேலையை முடிக்காதீர்கள். இரவல் வாங்கியாவது வைத்துப் பாருங்கள். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பிவருகிறது என்று காட்டும் கருவி அது. ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே மாட்டி, கட்டடமும் வேறு வண்டியும் இல்லாத திறந்த வெளியில், கதவுகளை மூடிவைத்து அளக்க வேண்டும். முதலில் சேனல் காலியா என்று கேளுங்கள். மைக்கை அழுத்தி, எதுவும் பேசாமல், முள்ளைக் குறித்த கோட்டுக்குக் கொண்டுவந்து, மீட்டரின் ஸ்விட்சைத் திருப்பிப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடிதான். சேனல் 1, 20, 40 மூன்றிலும் பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் அருமை, 2 வரை பரவாயில்லை, 3-ஐத் தாண்டினால் பேசவே கூடாது. 40-இல் அதிகம் காட்டினால் ஆன்டெனா நீளம், 1-இல் அதிகம் காட்டினால் குட்டை. நீளமாக இருக்கிறதென்று ஒரேயடியாக வெட்டிவிடாதீர்கள், வெட்டியது ஒட்டாது. சில மில்லிமீட்டராகக் குறைத்து, குறைத்து அளந்து பாருங்கள்.

மூன்று சேனலிலும் எகிறி நின்றால் நீளத்தில் கை வைக்காதீர்கள். கோளாறு எர்த்திலோ கேபிளிலோ இருக்கிறது. ஒருவர் இதே நிலையில் செட்டைப் பழித்து இரண்டாவது செட்டும் வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அவர் டிக்கி ஓரத்தில் மாட்டிய ஆன்டெனா கிளாம்ப் அழகாக, ஒரு கீறல்கூட இல்லாத பெயின்ட் மேல் உட்கார்ந்திருந்தது. பெயின்ட் கரண்டைக் கடத்தாது. கிளாம்ப் திருகு பதியும் இடத்தில் உப்புத்தாளால் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். முள் 1.4-க்கு வந்து நின்றது. துருப்பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான் வேலை.

கேபிள் 50 ஓம் வகையாக இருக்க வேண்டும். டிவி கேபிள் பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் 75 ஓம். பழைய கேபிளைச் சோதிக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் மீட்டர் வையுங்கள். தொடர்பே இருக்கக் கூடாது. கதவிடுக்கில் நசுங்கிய கேபிள் இங்கே பிடிபடும்.

மைக்கும் செட்டோடு வந்ததுதானா என்று கேளுங்கள். 4 பின் பிளக் எல்லாம் ஒன்றுபோல் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

“பவர் கூட்டியிருக்கு” என்று சொல்லி விற்கிற செட் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருகுத் தலைகள் தேய்ந்திருப்பதும், உள்ளே வெட்டிவிட்ட பாகமும் அதற்கு அடையாளம். குரல் அளவைக் கட்டுப்படுத்தும் பாகத்தை எடுத்துவிட்ட செட்டில் குரல் பிளந்து பக்கத்துச் சேனல்களிலும் வழியும். சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1958-இல் 23 சேனலோடு வந்த முறை, 1977-இல் 40 சேனல் ஆனது. 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏஎம்மில் 4 வாட். பிரிட்டன் 1981-இல் அனுமதித்த செட்கள் 27.60125-இல் தொடங்கும் எஃப்எம் வகை. ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. வேறு நாட்டிலிருந்து வந்த செட் என்றால், உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

பொருத்தும் இடத்தில் அவசரப்படாதீர்கள். ஏர்பேக் விரியும் பாதையில் செட்டோ மைக் ஒயரோ இருக்கவே கூடாது. துளை போடும் முன் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். வண்டியின் ஒயர்க் கட்டுக்குள் திருகு இறங்கி, அதைப் பிரித்து ஒட்டவே ஒரு முழு நாளைச் செலவழித்திருக்கிறேன். இருக்கையில் சும்மா வைத்து ஓட்டவும் வேண்டாம், திடீர் பிரேக்கில் அது பறக்கும். நீளமான ஆன்டெனா மாட்டியவர்கள் தாழ்வான மின்கம்பிகளை எப்போதும் கவனிக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு கொஞ்ச நேரம் பேசிவிட்டு ஃபியூஸ் டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது. டப்பாவை மாற்றும்வரை செட்டைப் போடாதீர்கள்.