ஒரே ஊருக்கு நான்கு வழிகள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக் காம்பிராவில் (பிள்ளைப் பராமரிப்பிடத்தில்), கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பெண்களிடம் பேசிவிட்டுப் படங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் வாசலிலேயே நின்றார். கலியாணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள், மூன்று பிள்ளைகள். "மிஸ், போனில் ஒன்று வாசித்தேன். பாலுறவில் பெண்களுக்குப் பன்னிரண்டு வகை உச்சம் இருக்கிறதாம். எனக்கு ஒன்றுகூட வந்த மாதிரித் தெரியவில்லை. என் உடம்பில் ஏதும் குறையா?" என்று மிகத் தணிந்த குரலில் கேட்டார்.

குறை அந்தப் பட்டியலில் இருந்தது. பன்னிரண்டு என்றும் ஏழு என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை உயர்ந்தது என்றும் இன்னொன்றைச் சாதாரணம் என்றும் தரம் பிரிக்கிறார்கள். உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் தரவரிசைக்கு இடமே இல்லை. அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தொடுகையும் நெருக்கமும் தொடங்கியதும் இடுப்புப் பகுதிக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அங்குள்ள மென்மையான திசுக்கள் நிறைந்து புடைக்கின்றன. யோனிச் சுவருக்குப் பின்னால் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிரம்பும்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி சுவர் வழியாகக் கசிகிறது. ஈரம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். அந்தச் சுவரில் சுரப்பிகள் கிடையாது. இரத்தம் வந்து சேர நேரம் வேண்டும் என்பதால் ஈரத்துக்கும் நேரம் வேண்டும். நாடித்துடிப்பு கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, தொடையிலும் வயிற்றிலும் தசைகள் இறுகுகின்றன. இந்த இறுக்கம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தாமாகவே சுருங்கி விரியத் தொடங்குகின்றன. சிறுநீரை நடுவில் நிறுத்த நாம் இறுக்கும் அதே தசைகள்தான் அவை. ஏறத்தாழ 0.8 விநாடிக்கு ஒரு தடவை என்ற தாளத்தில் சில துடிப்புகள் வரும். கருப்பையும் சேர்ந்து சுருங்கும். பிறகு எல்லாம் தளரும். அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜோன்சன் என்ற இருவர் ஆய்வுகூடத்தில் அளந்து 1966இல் வெளியிட்ட கணக்கு இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தாளம் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே தொட்டதால் தொடங்கியது என்பது எதுவானாலும் முடிவில் துடிப்பது அதே தசைகள்தான்.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் உணர்வு ஏன் வேறுபடுகிறது? ஹட்டனுக்கு எப்படி வருவோம் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்புப் பக்கமிருந்து கினிகத்தேனை வழியாக வரலாம். நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வழியாக வரலாம். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக வரலாம். ரயிலிலும் வந்து இறங்கலாம். ஊர் ஒன்றுதான், ஆனால் வழியில் கண்ட காட்சி ஒன்றல்ல. இன்ப உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் பெரிய நரம்பு வழிகளும் நான்கு. பெண்ணுறுப்பின் மேல் நுனியில் உள்ள கிளிட்டோரிஸிலிருந்தும் வெளிப்புற உறுப்பிலிருந்தும் வரும் தொடுகையைப் பியூடெண்டல் நரம்பு எடுத்துச் செல்கிறது. யோனியின் உட்பகுதிக்கு இடுப்புக்குழி நரம்பு. கருப்பைக்கும் அதன் கழுத்துக்கும் ஹைப்போகாஸ்ட்ரிக் நரம்பு. இந்த மூன்றும் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் போய்ச் சேர்கின்றன; முதல் இரண்டும் அதன் அடிப்பகுதியில், மூன்றாவது அதற்கு மேலே. நான்காவது வேகஸ் நரம்பு. அது முண்ணாணைத் தொடாமல், வயிறு, நெஞ்சு, கழுத்து என்று ஏறி நேராக மூளைக்குப் போகிறது.

இந்த நான்காவது வழியைக் கண்டறிந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. முண்ணாண் முற்றாக அறுந்த பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எந்த இன்பமும் தெரியாது என்று வைத்தியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாரி கொமிசாரக், பெவர்லி விப்பிள் ஆகியோர் அப்படிப்பட்ட பெண்களிடமே கேட்டார்கள். தங்களுக்கு உணர்வு உண்டு என்று சிலர் சொன்னார்கள். 2004இல் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, வேகஸ் நரம்பு வந்து சேரும் இடம் செயற்பட்டது தெரிந்தது. சிலர் உச்சமும் அடைந்தார்கள். மண்சரிவில் வீதி அடைபட்ட நாளில் ரயில் வந்து சேர்ந்த மாதிரி. அந்தப் பெண்கள் சொன்னதை அதுவரை கற்பனை என்று தள்ளியவர்கள் எத்தனை பேர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இனி, எல்லாவற்றிலும் அதிகம் மறைக்கப்பட்ட உறுப்புக்கு வருகிறேன். கிளிட்டோரிஸைப் பெண்குறிக் காம்பு என்றும் எழுதுவார்கள். வெளியே தெரிவது பயறளவு நுனி மட்டும். உள்ளே அதன் தண்டு பின்னோக்கி வளைந்து இரண்டு கால்களாகப் பிரிந்து இடுப்பெலும்பை ஒட்டிப் போகிறது. அதோடு இணைந்து, இரத்தம் நிறையும் இரண்டு குமிழ்கள் யோனி வாயிலின் இரு பக்கமும் அணைத்தாற்போல அமைந்திருக்கின்றன. ஜெர்மனிய உடற்கூற்றியலாளர் கோபெல்ட் 1844இலேயே இதைத் துல்லியமாக வரைந்துவிட்டார். பிறகு அந்த அறிவு பாடநூல்களில் மங்கிப்போனது. 1905இல் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட், கிளிட்டோரிஸில் கிடைக்கும் இன்பம் சிறுபிள்ளைத்தனமானது, முதிர்ந்த பெண் அதை விட்டு யோனிக்கு மாறவேண்டும் என்று எழுதினார். எந்த உடலையும் அறுத்துப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. அந்த ஒரு கருத்து எத்தனை தலைமுறைப் பெண்களைத் தங்கள் உடம்பில் குறை தேட வைத்தது!

1998இல் ஆஸ்திரேலியச் சிறுநீர்வழி அறுவை வைத்தியர் ஹெலன் ஓ'கொன்னல் உடல்களை அறுத்து ஆராய்ந்து, உறுப்பின் முழு அளவையும் மீண்டும் உலகுக்குக் காட்டினார். 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதன் முக்கிய நரம்பின் இழைகளை எண்ணி, ஓர் உறுப்பில் சராசரியாகப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று அறிவித்தார்கள். அதுவரை எல்லாரும் சொல்லிவந்த எட்டாயிரம் என்ற எண், மாடுகளில் எண்ணியதிலிருந்து வந்தது.

கருவில் முதல் சில வாரங்களில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே மொட்டுத்தான் இருக்கும். மூன்றாம் மாத அளவில் ஓமோனின் ஏவலால் அது ஒருவரில் ஆணுறுப்பாகவும், அந்த ஏவல் இல்லாத மற்றவரில் கிளிட்டோரிஸாகவும் வளர்கிறது. ஆணுறுப்பைத் தொடாமல் ஓர் ஆணால் உச்சம் அடைய முடியவில்லை என்றால் அவரிடம் குறை என்று யாரும் சொல்வதில்லை. பெண்ணிடம் மட்டும் ஏன் சொல்கிறோம்? 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துச் சொச்சம் பெண்களிடம் கேட்டபோது, உட்புகும் உறவு மட்டுமே தங்களுக்குப் போதும் என்றவர்கள் 18 சதவீதம். கிளிட்டோரிஸைத் தொடுவது கட்டாயம் வேண்டும் என்றவர்கள் ஏறத்தாழ 37 சதவீதம். வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்குக் கிளினிக் தாள் ஒன்றின் பின்புறத்தில் இந்த உறுப்பை வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவும் உள்ளே இருக்கிறதா?" என்றார்.

ஜி புள்ளி பற்றியும் அவர் வாசித்திருந்தார். எர்ன்ஸ்ட் கிராபென்பெர்க் என்ற வைத்தியர் 1950இல் எழுதிய கட்டுரையில் யோனியின் முன்சுவரைக் குறிப்பிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் அந்த இடத்துக்கு அவர் பெயரின் முதலெழுத்தை வைத்தார்கள். அறுத்துப் பார்த்த ஆய்வுகளில் அங்கே தனி உறுப்பு எதுவும் உறுதியாகக் கிடைக்கவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் சிறுநீர்வழியும் அதைச் சுற்றிய சுரப்பிகளும் கிளிட்டோரிஸின் உட்பகுதிகளும் நெருங்கிக் கிடக்கின்றன. சிலருக்கு அங்கே இன்பம் அதிகம், சிலருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் இயல்பு.

வழிகள் எல்லாம் திறந்திருந்தும் பலரும் ஊர்போய்ச் சேர்வதில்லை. அமெரிக்காவின் கின்சி பாலியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பான்கிராப்ட், யான்சென் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார்கள். வண்டியில் இருப்பதுபோல மூளையில் முடுக்கியும் உண்டு, தடையும் (பிரேக்) உண்டு. வண்டி ஓடாததற்கு முடுக்கி பழுது என்றே நாம் நினைக்கிறோம். பல வேளை தடை அழுத்தப்பட்டே இருக்கிறது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பிராவை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் பிள்ளைகள், சில வீடுகளில் மாமியாரும். நடுச்சுவர் கூரைவரை எட்டாத லயங்களில் பக்கத்துக் காம்பிராவின் இருமல்கூட இங்கே கேட்கும். பகல் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறித்த முதுகு. மறுபடி கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயம். விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) எழும்ப வேண்டும் என்ற கணக்கு. இவை ஒவ்வொன்றும் தடையின் மேல் வைத்த கால். அந்தப் பெண்ணின் உடம்பில் குறை தேடுமுன் அந்தச் சுவரை அளந்திருக்க வேண்டும். மலையகத்தில் வீட்டுப் பிரச்சினை பற்றி எவ்வளவோ பேசுகிறோம். கணவன் மனைவிக்குத் தனியறை இல்லாததும் ஒரு சுகாதாரப் பிரச்சினை என்று யாராவது மேடையில் சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசை.

குளிரும் ஒரு தடைதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹோல்ஸ்டேஜ் குழு உச்சத்தின்போது மூளையைப் படம்பிடித்தது. ஆய்வறையில் கால் குளிர்கிறது என்றவர்களுக்குக் காலுறை கொடுத்ததும், உச்சம் அடைந்த இணைகள் பாதியளவிலிருந்து 80 சதவீதமாக உயர்ந்ததாக 2005இல் ஹோல்ஸ்டேஜ் தெரிவித்தார். பங்கேற்ற இணைகள் மிகச் சிலரே என்பதால் அந்த எண்ணை நான் பெரிதாகப் பிடித்துக்கொள்ளமாட்டேன். ஆனாலும் ஜனவரியில் புல்லில் உறைபனி படியும் நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு ஒரு கம்பளிக் காலுறை நஷ்டம் இல்லை. பெண்களின் மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் பகுதி உச்சத்தில் அடங்குகிறது என்றும் அதே குழு சொன்னது. 2017இல் ரட்கர்ஸ் ஆய்வாளர்கள் அப்படி அடங்குவதைக் காணவில்லை. அந்த வாதம் இன்னும் நடக்கிறது.

ஆசை முதலில் வரவேண்டும், பிறகுதான் தொடுகை என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. கனடாவின் வைத்தியர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டில் விளக்கியபடி, நீண்டகால உறவில் உள்ள பல பெண்களுக்கு மனம் இசைந்து நெருங்கிய பிறகே ஆசை பிறக்கிறது. மனம் இசைந்து என்ற சொல்லை யாரும் தாண்டிப்போக வேண்டாம். விருப்பமில்லாத உறவிலும் உடல் ஈரமாகலாம், சில வேளை உச்சம்கூட வரலாம். கண்ணில் தூசு விழுந்தால் நீர் வருவது போன்ற உடலின் எதிர்வினை அது. சம்மதத்தின் அடையாளம் அல்ல. இதை வெளியே சொல்ல முடியாமல் வெட்கத்தில் புழுங்கும் பெண்களை நான் சந்தித்திருக்கிறேன்.

பாலூட்டும் தாய்மாரும் இப்படியே குழம்புவார்கள். பிள்ளை பால் குடிக்கும்போது ஒக்சிடோசின் என்ற ஓமோன் சுரக்கிறது. பேறு முடிந்த நாள்களில் வயிறு இழுத்துப் பிடிப்பது அதனால்தான். உச்சத்தின்போது சுரப்பதும் அதே ஓமோன். முலைக்காம்பின் உணர்வு மூளையில் பாலுறுப்புகளின் உணர்வு சேரும் அதே பகுதிக்கும் போவதை 2011இல் படம்பிடித்தார்கள். ஆகவே பாலூட்டும்போது ஒரு சுகம் தெரிந்தால் பாவம் என்று யாரும் அஞ்சத் தேவையில்லை.

ஆண்களுக்கு ஒரு சொல். விந்து வெளியேறுவதும் உச்சமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. உண்மையில் இரண்டு வேறு நிகழ்வுகள். சாராயம் கூச்சத்தைக் குறைக்கும், கூடவே விறைப்பையும் உணர்வையும் குறைக்கும். விறைப்பு தொடர்ந்து குறைந்தால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை என்பதால் அடைப்பு முதலில் அங்கே தெரியக்கூடும்.

பாலூட்டும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்திரோஜன் என்ற ஓமோன் குறைவதால் யோனி வறண்டு உறவின்போது எரியலாம். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகிப்பவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். மருந்துக்கடைகளில் நீர் சார்ந்த வழுவழுப்புக் களிம்பு கிடைக்கும். ஆணுறை பயன்படுத்துபவர்கள் தேங்காயெண்ணெய் பூசக்கூடாது. எண்ணெய் பட்டால் இறப்பர் நைந்து கிழியும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும். தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனைக்கு அழைக்கும் பெண்கள் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பார்கள். உறவின்போது வலிக்கிறது என்று அங்கே சொல்லலாம், கேட்கப்படாவிட்டாலும் சொல்லலாம்.