காந்திபுரத்தில் வாங்கிய புராஜெக்ட், சோமனூரில் போட்ட ஷீட்

சரவணம்பட்டியில் மென்பொருள் வேலை. கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரிகளுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ எடுக்கப் போவதும் அதில் சேர்த்தி. "ஏன் கம்ப்யூட்டர் எடுத்தீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். "மாமா சொன்னாருங்க சார்", "கட்-ஆஃபுக்கு அதுதான் கிடைச்சுதுங்க." பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பதில். 200-க்கு எவ்வளவு என்ற எண்ணே விருப்பத்தையும் முடிவு செய்துவிடுகிறது. அதில் தப்பில்லை, நானும் அப்படி வந்தவன்தான். நாலு வருஷம் படித்த பிறகும் அதே பதில் வந்தால்தான் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி. சோமனூர்ப் பக்கம், வீட்டில் கூலித்தறி, அதாவது பிறர் தரும் நூலைக் கூலிக்கு நெய்து கொடுப்பது. முகத்தைப் பார்த்து வருகை பதியும் புராஜெக்ட்டை லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினாள். "வெளிச்சம் கம்மியா இருந்தா என்னாகும்மா?" பதில் இல்லை. "இந்த வரியை எடுத்துட்டா?" கண் கலங்கிவிட்டது. காந்திபுரத்தில் ஒரு புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது. ரிப்போர்ட்டும் சேர்த்தே தருவார்கள். (கல்லூரிக்குத் தெரியாதா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பேச்சை மாற்ற, தறியைப் பற்றிக் கேட்டேன். பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் கணக்கும் அப்பா கணக்கும் மாதாமாதம் இடிக்குமாம். அதற்காக எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டிருக்கிறாள். வந்த நூல் எத்தனை கிலோ, போன துணி எத்தனை மீட்டர், கழிவு எவ்வளவு. கணக்கு விலகினால் அந்த வரி சிவப்பாகும். போனில் திறந்து காட்டினாள், 18 மாதக் கணக்கு. பருத்தி நூல் ஈரம் இழுத்து எடை கூடும் என்பதால் மழை மாதங்களுக்குத் தனியாகக் கழித்திருந்தாள். அதை நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

"இதை ஏன்மா ரெஸ்யூம்ல போடலை?"

"இது சும்மா அப்பாவுக்குப் பண்ணதுங்க சார். டெக்னாலஜி இல்லீங்களே."

நம் பிள்ளைகளுக்கு டெக்னாலஜி என்றால் பெங்களூரு, ஏசி ரூம், கழுத்தில் ஐடி கார்டு. 1937-லேயே ஜி.டி.நாயுடு மின் மோட்டார் செய்த ஊர் இது. தோட்டத்துப் போர் மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டருக்குள் சிம்மும் புரோகிராமும் இருக்கின்றன. தினமும் அதை அமுக்குகிற இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பையன், "ஏஐ வந்திருச்சு, இனி என்னங்க சார் இருக்குது" என்கிறான். ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பானா?

இந்தப் பயத்தை வைத்துத்தான் சிலர் டெபாசிட் வாங்கிக்கொண்டு ஆஃபர் லெட்டர் நீட்டுகிறார்கள். வேலை தருகிறவன் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பெண் கோடிங் சுற்றில் தேறவில்லை, என்னால் எடுக்க முடியவில்லை. ஷீட்டைப் பைத்தானில் எழுதிப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து மெயில் வந்தது. பக்கத்துத் தறிக்காரர்கள் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்களாம். "ஒரு தறிக்கு எவ்வளவு வாங்கலாங்க சார்?"